மந்திரம் கேட்காத மணி

"பிள்ளைக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?"

சுவிஸில் இருந்த ஒரு மாப்பிள்ளை, கணினித் திரைக்குள் இருந்து தயாளினியிடம் ஒருமுறை கேட்ட கேள்வி அது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, ஏதாவது சாமிப் பாட்டைச் சொல்லடி என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். தயாளினி உள்ளதைச் சொன்னாள்.

"பாட்டைவிட, அதை ஆர், ஆருக்காக எழுதினது எண்டு யோசிக்கத்தான் எனக்குப் பிடிக்கும்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கதிரையைச் சற்றுத் திருப்பினார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னப்பிள்ளையின் கம்பளித் தொப்பி தொங்கியது.

"உங்கடை வீட்டிலை பிள்ளையள் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

திரை இருண்டது. கலியாணம் போயிற்று, தொழில் வந்தது. தொப்பிக் கதை நல்லூர் முழுக்கப் பரவ, வெளிநாட்டுச் சம்பந்தம் பேசுகிறவர்கள் எல்லாம் "ஒருக்கா விசாரிச்சுத் தா பிள்ளை" என்று அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். பிறகு தொலைந்த ஆட்களைத் தேடச் சொல்லியும் வந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிமார் லண்டனில். பெரிய வீட்டில் இரண்டு அறைகளைத் தவிர மற்றவை பூட்டிக் கிடந்தன. கேத்தலில் ஒரேயொரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் வைக்க அவளுடைய கை தானாகவே பழகியிருந்தது.

அந்த வீட்டு விறாந்தையில்தான் நேற்றுக் காலை பாடகன் சிவதர்ஷன் வந்து உட்கார்ந்தான்.

யாழ்ப்பாணத்தில் அவனுடைய குரல் கேட்காத கலியாண மண்டபம் இல்லை. குரல்தான் அவனுடையது. சொல்லும் மெட்டும் வேறொருவருடையவை. அச்சுவேலிச் சந்தையடியில் கிற்றாரோடு அலைந்த பொடியனாக அவன் இருந்த காலத்தில், முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து அவன் கைபேசிக்கு ஒரு பாட்டு வந்தது. சொற்கள் எழுத்தில், மெட்டு விசிலில். கீழே ‘சோளகன்’ என்ற பெயர். அவ்வளவுதான். அவன் பாடி வலையில் ஏற்றிய அந்தப் பாட்டு ஒரே மாதத்தில் ரொறொன்ரோ வரை போயிற்று. அதன் பிறகு பாட்டுக்குமேல் பாட்டு. ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் சோளகனின் வரிகள். சாமத்தியவீட்டுச் சடங்கு வீடியோக்களில் சோளகனின் வரிகள். ஒரு கழகம் சோளகனுக்குப் பொன்னாடை போர்த்த மேடை போட்டது. நான்தான் சோளகன் என்று மூன்று பேர் வந்தார்கள். மூவரில் ஒருவருக்கும் விசிலடிக்க வரவில்லை.

"வாற வெள்ளிக்கிழமை எனக்குக் கலியாணம் மிஸ்," என்றான் சிவதர்ஷன். "சோளகன் அங்கை நிக்கவேணும். வாட்ஸப்பிலை அழைப்பு அனுப்பினன். பாத்தாச்சு எண்டு நீலக்கோடு விழுந்தது. பதிலுக்கு வெறும் விசில் மட்டும் வந்தது. சொல்லில்லாமல் ஒருநாளும் வந்ததில்லை. அதோடை போன் நிண்டுபோச்சு."

"ஆளைக் கண்டுபிடிச்சால் மட்டும் காணுமோ?"

அவன் தரையைப் பார்த்தான். "வரவேணும் மிஸ். வந்தால்தான் அது கலியாணவீடு."

போகும்போது அவன் படியில் குனிந்து செருப்பை மாட்டினான். வலது குதிக்காலுக்கு மேலே வளைந்த பழைய தழும்பொன்று இருந்ததைத் தயாளினி பார்த்தாள். பார்ப்பது அவளுக்கு வியாதி.

இன்று காலை, சிவதர்ஷன் விட்டுப்போன பாட்டுகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அவளுடைய உதவியாளர் கனிசியஸ் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். குருநகர்க்காரர்; ஐம்பது தாண்டியவர். நேற்றுச் சிவதர்ஷன் பேசும்போது விறாந்தைத் தூணோரம் நின்று கேட்டவர். ஓட்டோவும் அவருடையது, வாயும் அவருடையது.

"தங்கச்சி, உவர் என்ன சாதிக் காதலன்? இவ்வளவு பாட்டு எழுதியிருக்கிறார். ஒரு கண்ணைப் பற்றிக் கதையில்லை, ஒரு இடுப்பைப் பற்றிக் கதையில்லை. எந்தப் பாட்டிலையும் ‘சாப்பிட்டியோ, தலையைத் துவட்டினியோ’. என்ரை மனுசி கூட இதைவிடக் காதலாக் கதைப்பா."

"சைக்கிள் பாட்டைப் போடுங்கோ அண்ணை."

கனிசியஸ் போட்டார். ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் வரிகள்.

*கம்பிக்குள் கால் போகும், அகட்டிப் பிடி;*
*கடைசி மேடு தாண்டும்வரை கட்டிப் பிடி.*

"இந்த இடம் வந்தவுடனை மண்டபத்திலை பொம்பிளையும் மாப்பிள்ளையும் கட்டிப் பிடிப்பினம். வீடியோக்காரன் சுத்திச் சுத்தி எடுப்பான்," என்றார்.

"நீங்கள் உங்கடை மனுசியைச் சைக்கிளிலை ஏத்தினனியளோ?"

"ஏத்தாமல்? முன் பாரிலை. கோயில் திருநாளுக்கு."

"அவவின்ரை கால் கம்பிக்குள்ளை போயிடும் எண்டு பயந்தனியளோ?"

"வளந்த மனுசிக்கு ஏன் கால் கம்பிக்குள்ளை போகுது? சின்னப் பிள்ளையளைப் பின் கரியரிலை ஏத்தினால்தான்…" கனிசியஸ் பாதியில் நிறுத்தினார். விரல் காதிலேயே நின்றது. "அடக் கடவுளே. ஊரெல்லாம் பள்ளிக்கூடம் போற குழந்தைக்கு எழுதின பாட்டுக்கோ கட்டிப் பிடிக்குது?"

"இப்ப கடைசியா வந்த விசிலைப் போடுங்கோ. விசிலை விடுங்கோ. பின்னாலை கேளுங்கோ."

சொல்லில்லாத அந்த மெட்டு மெல்ல இறங்கி இறங்கிப் போனது. அதற்குப் பின்னால் தூரத்தில் கோயில் மணி. நீண்ட மணி. நடுவே, பெரிய பாத்திரத்தில் அகப்பை படுகிற சத்தம்.

"கோயில். இஞ்சை எந்த மூலையிலை கோயில் இல்லை? நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், எனக்கு ஏன் உந்தச் சோதினை?"

"மணி கேட்குது. மந்திரம் கேட்குதோ?"

கனிசியஸ் மறுபடியும் போட்டார். மணி ஓய்ந்த இடத்தில் ஐயரின் குரலும் இல்லை, ஒலிபெருக்கியின் இரைச்சலும் இல்லை. வெறும் காற்று.

"ஐயர் மறந்திட்டாரோ?"

"மந்திரமே சொல்லாத பூசை. பூசை செய்யிறவர் வாயை வெள்ளைத் துணியாலை கட்டிக்கொண்டு செய்வார். எங்கை?"

"தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி," என்றார் கனிசியஸ். அப்படிச் சொன்ன மறுகணமே, வேதக்காரன் தெரிந்து வைத்திருப்பதற்கு வெட்கப்பட்டவர்போல, "அங்கை சோறு நல்லாயிருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார்.

"சோறுதான் அடுத்தது. அகப்பைச் சத்தம் வீட்டுச் சட்டியில்லை, கிடாரம். கோயிலைச் சுத்தி அன்னதான மடங்கள். அதிலை ஒண்டிலை எங்கடை ஆள் சமைக்கிறார்."

அச்சுவேலி தாண்டியதும் புகையிலைத் தோட்டங்கள் பின்வாங்கி, உப்புக் காற்று ஓட்டோவுக்குள் ஏறியது. தயாளினி யோசித்தாள். கரியரில் ஏறிப்போன பிள்ளையை யாரோ இத்தனை வருடமாகச் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை போலும். பதில் வந்திருந்தால் இத்தனை பாட்டு வந்திராது.

ஆற்றங்கரைப் பக்கமாக இருந்த மூன்றாவது மடத்தில்தான் விசில் என்ற பேச்சுக்கு ஒரு கிழவர் சிரித்தார். "உள்ளுக்கை கேட்கும் தம்பி. ஆரெண்டு ஆர் கண்டது? பரமலிங்கமாத்தான் இருக்கும், எங்கடை தலைச் சமையல்காரர்."

சமையல்கட்டு வாசலில் பரமலிங்கம் வேர்வையோடு கிடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். தடித்த மீசை. கனிசியஸ் தயாளினியின் காதுக்குள், "மீசையைப் பாத்தால் கவிஞர்தான்," என்றார்.

"ஆளை நேரை கேட்டால் ஒளிச்சிடுவார். நீங்கள் அந்த மெட்டை விசிலடியுங்கோ அண்ணை. மூண்டாவது வரியைப் பிழையா அடியுங்கோ."

"பிழையாவோ? அது எனக்குக் கைவந்த கலை."

தூணில் சாய்ந்து கனிசியஸ் விசிலடித்தார். முதல் இரண்டு வரியும் ஒருமாதிரி போயின. மூன்றாவது வரி குப்புற விழுந்தது. பரமலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கனிசியஸ் மறுபடி அடித்தார். இன்னும் மோசமாக விழுந்தது.

மூன்றாம் தரம் விழுவதற்கு முன், உள்ளே இருந்து ஒரு விசில் பாய்ந்து வந்து அந்த வரியைத் தாங்கிப் பிடித்தது. சுத்தமான விசில். பொறுமையிழந்த விசில்.

பரமலிங்கத்தின் வாயில் வெற்றிலை இருந்தது.

தயாளினி அவரைத் தாண்டி உள்ளே போனாள். சாக்கு விரித்த தரையில் பூசணிக்காய்க் குவியலுக்கு நடுவே, வெளிறிய நூல்சேலையும் வெறும் நெற்றியுமாக ஒரு பெண் அரிவாளோடு இருந்தாள். நாற்பது தாண்டியிருக்கும். உதடு இன்னமும் குவிந்திருந்தது.

"பொம்பிளைப்பிள்ளை விசிலடிச்சால் வீட்டுக்கு ஆகாது எண்டு சொல்லுவினம்," என்றாள் தயாளினி, மெதுவாக.

"வீடு இருந்தால்தானே ஆகாமல் போறதுக்கு," என்றாள் அந்தப் பெண். பூசணித் துண்டொன்று வாளிக்குள் விழுந்தது. "ஆர் அனுப்பினது?"

"சிவதர்ஷன்."

அரிவாள் நின்றது. "ஆரைத் தேடச் சொன்னவன்?"

"சோளகனை."

"ஓம். அப்பிடித்தான் சொல்லியிருப்பான்." அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள். "என்ரை பேர் உதயகலா. அவன்ரை அக்கா."

வாசலில் நின்ற கனிசியஸ் தொப்பியைக் கழற்றினார்.

அவள் கதையை நீட்டவில்லை. அச்சுவேலியில் தோட்டக்காரக் குடும்பம். தாய் நேரத்தோடு கண்ணை மூட, தம்பியைக் கரியரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது இவள்தான். ஒருநாள் கால் கம்பிக்குள் போய், குதிக்கால் கிழிந்து, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிறகு தொண்டைமானாற்றுக் கடற்தொழிலாளி ஒருவரைத் தானாக விரும்பிக் கட்டிக்கொண்டாள். ஐயா வாசலைச் சாத்தினார்.

"சோளகன் எண்டது அவரைத்தான். காத்து விழுந்து கடல் செத்துக் கிடந்தால், வள்ளத்திலை இருந்து விசிலடிச்சுக் காத்தைக் கூப்பிடுவினம். இவர் கூப்பிட்டால் சோளகக் காத்தே வரும் எண்டு பகிடி பண்ணி வைச்ச பேர். விசில் பழக்கினதும் அவர்தான். ஒரு சோளகத்திலை போனவர், வள்ளம் மட்டும் வந்தது."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, வேர்வைதான்.

"எங்கடை ஐயா வீட்டுக்குள்ளை சொல்லக்கூடாது எண்ட பேரை, அவரின்ரை மோன் மேடை மேடையாச் சொல்லி நன்றி சொல்லுறான். எனக்கு அது காணும் தங்கச்சி."

"வெள்ளிக்கிழமை கலியாணத்துக்கு வாங்கோவன்."

உதயகலா அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா செத்த அண்டைக்கு ஆரும் எனக்குச் சொல்லேல்லை. செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகலாம், போனன். அவன் வீட்டு வாசல் படலையிலை நிண்டான். சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. ‘உனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை, போ’ எண்டான். பத்தொன்பது வயசுப் பொடியன். மாமன்மார் சொல்லிக் குடுத்திருப்பினம். அதுக்கு நான் கோவிக்கேல்லை. ஆனால் கலியாணவீட்டுக்குச் சொல்லாமல் போறதில்லை. அது முறையில்லை."

"வாட்ஸப்பிலை அழைப்பு வந்ததுதானே?"

"அது சோளகனுக்கு வந்தது. உதயகலாவுக்கு வரேல்லை." அவள் வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "போ எண்டு சொன்ன வாயாலை வா எண்டு சொல்லட்டும். அதுவும் வேண்டாம். அக்கா எண்டு ஒருக்காக் கூப்பிடட்டும். சீலை மாத்திக்கொண்டு அப்பவே வெளிக்கிடுவன்."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கனிசியஸ் கைபேசியை எடுத்தார். "பெடியனுக்கு அடிச்சுச் சொல்லுவம். ஆள் கிடைச்சாச்சு, ஆம்பிளை இல்லை, அக்கா எண்டு. பாவம், மயங்கி விழப்போறான்."

"அடிக்க வேண்டாம் அண்ணை. அவன் மயங்கமாட்டான்."

"ஏன்?"

"நேற்று அவன் என்னோடை எவ்வளவு நேரம் கதைச்சான். எத்தினை தரம் அக்கா எண்டு கூப்பிட்டவன்?"

கனிசியஸ் யோசித்தார். இந்த ஊரில் முப்பது வயதுப் பொடியன் நாற்பது வயதுப் பெண்ணை வேறெப்படிக் கூப்பிடுவான்? பஸ்ஸில் இடம் கேட்டாலும் அக்கா, கடையில் தேங்காய் கேட்டாலும் அக்கா.

"மிஸ் எண்டான்," என்றார் மெதுவாக. "மூச்சுக்கு மூச்சு மிஸ். நான்கூட நினைச்சன், நீங்கள் என்ன வகுப்போ எடுக்கிறியள் எண்டு."

"கால் கிழிஞ்ச தழும்பு அவன்ரை காலிலை இருக்கு. சைக்கிள் பாட்டு வந்த முதல் நாளே அவனுக்கு ஆரெண்டு தெரிஞ்சிருக்கும். அதோடை, மெட்டிலை ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது, அந்த மணியைக் கேட்டிராதோ? அவன் என்னை ஆளைக் கண்டுபிடிக்க அனுப்பேல்லை. தனக்குப் பதிலா வாசல்படி ஏற அனுப்பினவன்."

"உது உங்கடை ஊகம், தங்கச்சி."

தயாளினி ஆற்றங்கரைப் பக்கம் கையை நீட்டினாள். மருதமர நிழலில் சிவதர்ஷனின் வெள்ளைக் கார் நின்றது. எங்கே போகிறோம் என்று அவனுக்கு இருவரும் சொல்லியிருக்கவில்லை.

அவன் கண்ணாடியை இறக்கினான். காலையிலிருந்து அங்கேயே நிற்கிறான் என்று முகம் சொன்னது.

"வருவாவோ?" என்று கேட்டான்.

"அடிக்கடி இந்த மரத்துக்குக் கீழை வந்து நிப்பியளோ?"

அவன் மறுக்கவில்லை. "இறங்க ஏலாமல் இருக்கு மிஸ். பாலம் தாண்டி வருவன். வந்தாப் பிறகு இறங்க ஏலாது. அண்டைக்குப் படலையிலை நான் சொன்னது… அதுக்குப் பிறகு அந்தச் சொல்லு எனக்கு வாயிலை வருகுதில்லை. ஆரையும் கூப்பிட வருகுதில்லை."

"அவா உங்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லேல்லை. காரணம் கேட்கேல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் கேட்கிறா. சொன்னால் உங்களோடை வருவா. சொல்லாட்டில் வரமாட்டா. வேறை ஆரும் உங்களுக்காகச் சொல்ல ஏலாது. நானும் ஏலாது."

மதியப் பூசைக்கு மணி அடித்தது. நீண்ட மணி. அது ஓய்ந்த பிறகு ஆற்றுத் தண்ணீர் மதகில் மோதுகிற சத்தம் மட்டுமே கேட்டது. சிவதர்ஷன் காரிலிருந்து இறங்கினான்.

மடத்துப் பந்தியில் கடைசி இலையில் போய் அமர்ந்தான். செருப்பை வாசலில் விட்டிருந்தான். பக்கத்தில் ஒரு கிழவர். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண். தயாளினியும் கனிசியஸும் தூணோரம் நின்றார்கள். சோற்று வாளியும் கறி வாளியுமாக உதயகலா உள்ளிருந்து வந்தாள். அவள் அவனைக் கண்ட இடத்தில் கால் நிற்கவில்லை. ஆனால் அகப்பை அடுத்த இலையில் சோற்றை இரண்டு மடங்காகப் போட்டது.

பந்தி முழுக்க அந்தச் சொல்தான்.

"அக்கா, இஞ்சாலை கொஞ்சம்."

"காணும் அக்கா, காணும்."

"அக்கா, பருப்பு வருமோ?"

முன்பின் தெரியாதவர்கள், யாத்திரைக்கு வந்தவர்கள், பெயர்கூடக் கேட்டிராதவர்கள் எல்லாரும் அவளை அப்படியே கூப்பிட்டார்கள். வாயில் சோற்றோடு கூப்பிட்டார்கள். எதிரே இருந்த பெண்ணின் கைபேசி ஒலித்தது: *கம்பிக்குள் கால் போகும், அகட்டிப் பிடி.* அவள் பதறி அதை நிறுத்தினாள்.

உதயகலா கடைசி இலைக்கு வந்தாள். சோறு போட்டாள். ஓரத்தில் பூசணிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காயைக் கேளாமலே போட்டாள். அவன் சாப்பிட்டான். குனிந்த தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். அவள் பந்தியைச் சுற்றி மறுபடி வந்தாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்டாள்.

"சோறு காணுமோ?"

காணும் அக்கா. அவ்வளவுதான். பக்கத்துக் கிழவர் இப்போதுதான் அதைச் சொல்லி முடித்திருந்தார்.

சிவதர்ஷன் நிமிர்ந்தான். ஆயிரம் பேருக்கு முன் திறக்கிற வாய் சற்றுத் திறந்தது. அவளுடைய அகப்பை வாளி விளிம்பில் காத்து நின்றது.

அவன் இடக்கையை இலைக்கு மேலே குடைபோல் விரித்தான். காணும் என்று கை சொன்னது.

உதயகலா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். "ஆருக்குச் சோறு வேணும்?" என்ற அவளுடைய குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

கனிசியஸ் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று தொப்பியைக் கையில் சுழற்றினார்.

சிவதர்ஷன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தான். தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினான். வாசலில் குனிந்து, குதிக்காலின் தழும்புக்கு மேலே செருப்பு வாரை இழுத்து மாட்டினான். தயாளினி அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவன் அவளைத் தாண்டி, வெயிலுக்குள் இறங்கி, ஒரு சொல்லும் சொல்லாமல் போனான்.